சவரி அண்ணனின் குட்டைத் துப்பாக்கி

செவ்வாய்க்கிழமை காலை அல்சூர் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது சவரி அண்ணனின் மனைவி ரெஜினா அக்காவிடமிருந்து போன் வந்தது. நான்கு மாதங்களாக நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. எடுப்பதற்கு முன் சற்றுத் தயங்கினேன்.

"குமாரு, அவரு போயிட்டாருப்பா. டீ குடிச்சாரு, அப்படியே சேர்ல சாஞ்சிட்டாரு. நீ சீக்கிரம் வா. கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி வந்து பாத்துடு."

கூட்டம் சேர்வதற்கு முன் என்று அவர் ஏன் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. உங்களில் பலருக்கும் புரியும். சவரிமுத்துவோடு துப்பாக்கி சுடும் மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவர்களுக்கும், ஆடுகோடியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். அவருடைய துப்பாக்கி லைசென்ஸ் போனதற்கு நான்தான் காரணம் என்பது உங்களுக்குத் தெரியும். நான் செய்தது துரோகம் என்று சிலரும், சரிதான் என்று சிலரும் பேசிக்கொண்டது என் காதுக்கு வந்தது. இரண்டு தரப்புக்கும் தெரியாத ஒன்று உண்டு. அதையும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆடுகோடித் தொழிற்சாலையில் அவர் இன்ஸ்பெக்ஷன் பிரிவுக்குப் பொறுப்பாளர். நான் அவருக்குக் கீழே பதினாறு வருடம் இருந்தேன். ஒருநாள் மதியம், அளக்கும் கருவி ஒன்று அவர் கையிலிருந்தே நழுவித் தரையில் விழுந்தது. அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. எடுத்துத் துடைத்து வைத்தவர், நேராக மேஜைக்குப் போய், இந்தக் கருவியைச் சரிபார்க்கும்வரை இதில் அளந்த எதையும் அனுப்பக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. "யாரும் பாக்கலியேண்ணா" என்றேன். "நான் பாத்தேனே" என்றார். லாரி மறுநாள்தான் கிளம்பியது. மேனேஜர் கத்தினார். இவர் கேட்டுவிட்டு வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போது அவருக்கு இந்த ஆசை வந்தது. மன்றத்துக்கு அதற்கு முன்பே போய்வந்துகொண்டிருந்தோம், அங்கிருந்த பயிற்சித் துப்பாக்கிகளில்தான் சுடுவோம். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று லைசென்ஸுக்கு விண்ணப்பித்தார். விசாரிக்க அவருடைய காக்ஸ் டவுன் வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். "ஏனு சார், யார்ஜொதேனாதரூ ஜகளவா?" என்று கன்னடத்தில் கேட்டார். யாரோடாவது சண்டையா என்று பொருள். "ஜகளா இல்லா சார், பேப்பர் மேலெ ஷூட் மாடோக்கெ" என்றார் அண்ணன். காகிதத்தைச் சுடுவதற்கா இவ்வளவு சிரமம் என்று போலீஸ்காரர் நம்பவே இல்லை. ரெஜினா அக்கா காபி கொடுத்து, பழைய டார்கெட் அட்டைகளை எடுத்துக் காட்டிய பிறகுதான் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார்.

துப்பாக்கி வந்த நாளை மறக்க முடியாது. கான்பெராவுக்குக் குடிபோன ஒரு குடும்பம் கடையில் விட்டுப்போனது. போல்ட் இழுத்துச் சுடும் ரைஃபிள்தான், ஆனால் குழல் மற்றவற்றைவிட ஒரு சாண் குட்டை. அண்ணன் ஐந்தடி இரண்டங்குலம். மற்ற ரைஃபிள்களை அவர் தூக்கினால் ஏணியைத் தூக்குவது போலிருக்கும். இதைத் தோளில் வைத்ததும் கன்னம் தானாகக் கட்டையில் பதிந்தது. தோட்டாவும் நடுத்தரம். பயிற்சிக்கான பொடிக் குண்டைவிடப் பெரியது, தோளைப் பிய்க்கும் பெரிய குண்டைவிடச் சிறியது. பென்ஷன் வாங்கும் காலத்திலும் கட்டுப்படியாகும் விலை. "ஒடம்புக்கும் அடக்கம், பாக்கெட்டுக்கும் அடக்கம், இதுக்கு மேல என்னா வேணும்?" என்றார்.

ஒரு ஞாயிறுக்குப் பன்னிரண்டு தோட்டா. அதற்கு மேல் கிடையாது. போல்ட்டை மேலே தூக்குவார், பின்னால் இழுப்பார், முன்னால் தள்ளுவார், கீழே மடக்குவார். நான்கு அசைவையும் தனித்தனியாக அனுபவிப்பார். மடக்கும்போது எண்ணெய் போட்ட இரும்பு இரும்போடு சேரும் சிறிய சத்தம் ஒன்று வரும். "கேட்டியா? நம்ம பேக்டரில பண்ணா கூட இப்படி உக்காராது" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். சுட்டபின் உடனே எழ மாட்டார். மருந்து வாசனை அடங்கும்வரை அப்படியே படுத்திருந்து, நூறு மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையைத் தூரக்கண்ணாடியில் பார்ப்பார். "ரெண்டு சென்டி வலது. மூச்சுதான் காரணம், துப்பாக்கி இல்ல" என்பார். எனக்கும் தருவார். நான் சுடத் தயங்கினால், "பயப்படறது தப்பில்ல குமாரு. நிதானமா பயப்படு" என்பார். குடகில் எஸ்டேட் வைத்திருந்த உறுப்பினர் ஒருவர் காட்டுப்பன்றி சுட அழைத்தபோது, "பேப்பர்ல ஓட்ட விழுந்தா வேற பேப்பர் மாட்டலாம் சார்" என்று சொல்லி மறுத்துவிட்டார்.

சென்ற வருடம் மழைக்காலத்துக்கு முன்பே அவரிடம் மாற்றம் தெரிந்தது. சொன்னதையே சொன்னார். தினமும் ஏறும் பஸ்ஸின் எண்ணை என்னிடம் கேட்டார். வயது எழுபத்து மூன்று ஆகிவிட்டது, இதெல்லாம் சகஜம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு விசில் ஊதியது. விசில் ஊதினால் எல்லோரும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு பின்னால் வரவேண்டும். அதன் பிறகுதான் அட்டை மாற்ற ஆட்கள் முன்னால் போவார்கள். அண்ணன் எழுந்து வந்துவிட்டார். அவருடைய ரைஃபிளின் போல்ட் மூடியிருந்தது. நான் குனிந்து திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு தோட்டா வெளியே வந்து விரிப்பில் உருண்டது. சுடாத தோட்டா.

அண்ணன் அதையே பார்த்தார். "நான் போடலியே" என்றார்.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. அதை எடுத்து அவருடைய பெட்டியிலேயே போட்டு மூடினேன். "பரவால்ல விடுங்கண்ணா" என்றேன். உங்களுக்குத் தெரியாதது இதுதான். யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அடுத்த மூன்று ஞாயிறும் அதே துப்பாக்கியோடு அவரை என் ஸ்கூட்டரில் நானே அழைத்துப்போனேன். அந்த மூன்று ஞாயிறும் நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள்.

மூன்றாவது ஞாயிறு, ரேஞ்சைக் கவனித்துக்கொள்ளும் நாகராஜப்பா அட்டை மாற்ற முன்னால் போயிருந்தார். தண்ணீர் குடிக்கப் போன அண்ணன் திரும்பிவந்து, யாரையும் பார்க்காமல் படுத்து, துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்தார். நீங்கள் பின்னால் பேசிக்கொண்டிருந்தீர்கள், நான் மட்டும் விரிப்பை ஒட்டி நின்றிருந்தேன். போல்ட் மடங்கும் சத்தம் கேட்டது. பாய்ந்து குழலை மண்ணோடு சேர்த்து அழுத்தினேன்.

"இன்னா குமாரு, என்னாச்சு?"

"அண்ணா, முன்னாடி நாகராஜப்பா நிக்கறாரு."

"எங்க?"

வெள்ளைச் சட்டையில் அந்த மனிதர் வெயிலில் நின்று அட்டைக்கு கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் நெடுநேரம் தேடிய பிறகுதான் அவரைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. போல்ட்டைத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தார். "வீட்டுக்குப் போலாம்" என்றார்.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து கேட்டார்: "இன்னைக்கு எத்தன சுட்டோம் குமாரு? பன்னெண்டும் ஆயிடுச்சா?"

அவருக்கு நடந்தது நினைவில்லை. நினைவில்லாத மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அன்று மாலையே நாகராஜப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "தேவரு காப்பாத்தினாரு சார்" என்று கடவுளைச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். மறுநாள் அண்ணன் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ரெஜினா அக்காவிடம் சொன்னேன். பிறகு டாக்டரிடம் போனார்கள், கடிதம் வாங்கினார்கள், லைசென்ஸைத் திரும்ப ஒப்படைக்க விண்ணப்பம் எழுதினார்கள்.

துப்பாக்கியைக் கடையில் ஒப்படைக்கும் நாளில் நானும் கூடப் போனேன். அவரே பெட்டியிலிருந்து எடுத்தார். போல்ட்டைத் திறந்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, "காலி" என்று கடைக்காரரிடம் சொன்னார். கையெழுத்து கோணாமல் விழுந்தது. வெளியே வந்ததும், "யாரு சொன்னது?" என்று கேட்டார். "குடுக்கச் சொன்னது டாக்டர்தான்" என்றார் ரெஜினா அக்கா. நான் ஆட்டோ கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தேன்.

அதன்பின் நான் போகும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான். "ரைஃபிள் எங்க குமாரு? நாளைக்கு ஞாயிறு இல்ல?" "சர்வீஸுக்குப் போயிருக்குண்ணா" என்பேன். "நல்லா எண்ண போடச் சொல்லு" என்பார் சந்தோஷமாக. ரெஜினா அக்கா அப்படிச் சொல்ல மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "குடுத்துட்டோம்ங்க. உங்களுக்கு மறதி வந்துடுச்சு, அதனால குடுத்துட்டோம்" என்று சொல்வார். அண்ணன் முகம் அப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல வாடும். அரை மணி நேரத்தில் மறுபடி கேட்பார். அக்கா மறுபடி சொல்வார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "ஏங்க்கா இப்படிச் சொல்லிச் சொல்லி நோகடிக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "அவர் கிட்ட நான் பொய் சொன்னதில்லப்பா. இப்ப ஆரம்பிச்சா, நம்பறதுக்கு அவருக்கு யாரு இருக்காங்க?" என்றார்.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம் போனபோது அவர் தெளிவாக இருந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மடித்து வைத்தார்.

"நீதான சொன்ன?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாண்ணா. நாகராஜப்பா முன்னாடி நின்னாரு, நீங்க…"

"உங்க அக்கா சொல்லிட்டா. சொன்னது தப்புன்னு நான் சொல்லல. சொல்ல வேண்டியதுதான். என்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்."

"நீங்க அன்னைக்கே மறந்துட்டீங்கண்ணா."

"மறந்தா என்னா? மறுபடி சொல்லியிருக்கலாம்ல. நானே கொண்டுபோய்க் குடுத்திருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டார். நான் கிளம்பும்போது தலையைத் தூக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து நான் போகவில்லை. அடுத்த முறை போனால் அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, ரைஃபிள் எங்கே என்று சிரித்துக்கொண்டே கேட்பார் என்று பயந்தேன். மறக்காமல் இருந்துவிடுவாரோ என்றும் பயந்தேன்.

செவ்வாயன்று நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் ரெஜினா அக்காவும் இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்களும்தான் இருந்தார்கள். கட்டிலில் அவர் இன்னும் சிறியவராகத் தெரிந்தார். "என் மேல கோவமா இருந்தாராக்கா?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா. ஒண்ணும் சொல்லல" என்றார். வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள்.

அக்கா மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். நான் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த முதல் தோட்டாவைப் பற்றி, அதை எடுத்துப் பெட்டியில் போட்டதைப் பற்றி, மூன்று ஞாயிறு வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பற்றி, ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். வாசலில் செருப்புச் சத்தங்கள் கூடத் தொடங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரிடமிருந்து எனக்கென்று மிச்சமிருப்பது "மறுபடி சொல்லியிருக்கலாம்ல" என்ற அந்தச் சொல்தான். அது ஆறுதல் தருவதில்லை. தரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. உங்களிடம் இதைச் சொல்ல ஒரு வாரம் ஆகிவிட்டது. அவரிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.