சேடைக்கு ஒரு சாட்சி

ஒரு சொல்லை ஊரே பேசலாம், ஆனால் பழைய அச்சுப் புத்தகம் ஒன்றாவது அதைச் சொல்லியிருந்தால்தான் எங்கள் அகராதி அதை உட்காரச் சொல்லும். இணைய அகராதி ஒன்றுக்கு, சங்கராபுரத்தில் வீட்டிலிருந்தபடியே மேற்கோள் தேடித் தருவது என் வேலை. சொல் எந்தப் புத்தகத்தில், எந்த ஆண்டில், எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று படத்தோடு காட்ட வேண்டும். பழைய புத்தகத் தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்த தோழர்களே, தோழிகளே, நான் பட்டதைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஊர் சாட்சி செல்லாது

நடவுக்கு முன் வயலில் தண்ணீர் கட்டிச் சேறாக உழுது வைப்பதற்கு எங்கள் பக்கம் சேடை என்று பெயர். என் அம்மா கூலிக்கு நடவு நடுகிறவள். எங்கேயாவது சேடை ஓட்டியாச்சு என்று தகவல் வந்தால் எங்கள் வீட்டில் முகங்கள் மலரும். அந்தச் சேற்றில் குனிந்து நின்றுதான் அவள் என்னைத் தமிழ் எம்.ஏ. படிக்க வைத்தாள்.

அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் சென்னை அலுவலகம் ‘அச்சுச் சான்று கிடைக்கவில்லை’ என்று குறிப்புப் போட்டு வைத்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது. விஜயதசமியன்று காலை பத்தரை மணி நல்ல நேரத்தில் ‘சே’ வரிசை இணையத்தில் ஏறப்போகிறது. அதற்குள் மேற்கோள் வந்து சேராவிட்டால் என் அம்மாவின் சொல் அந்தக் குறிப்போடுதான் உலகத்தின் முன்னால் நிற்கும். “எங்கம்மாவே சாட்சி சார், போன்ல பேசச் சொல்லட்டுமா?” என்று எடிட்டரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “அம்மாவ நம்பறேன்மா. ஆனா அம்மாவுக்குப் பக்க எண் இல்லியே.”

கரையான் போட்ட தேதி

எலவனாசூர்கோட்டையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் பழைய வேளாண்மைப் புத்தகம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். அவர் அதைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தையைப் போலத் தூக்கி வந்தார். உள்ளே சேடை இருந்தது, அதுவும் விளக்கத்தோடு. ஆனால் எப்போது அச்சடித்தது என்று சொல்லும் முகப்புப் பக்கம் கரையான் வயிற்றுக்குப் போய்விட்டது. ஆண்டு இல்லாத மேற்கோளை எங்கள் எடிட்டர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

இது செல்லாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அட்டை ஓட்டையில் ஆள்காட்டி விரலை விட்டு மறுபக்கம் நீட்டிக் காட்டினார். “புதுப் புஸ்தகத்த எந்தக் கரையான்மா இம்மாந்தூரம் துன்னும்? இத்த விட இன்னா தேதி வோணும் உனுக்கு?”

நான் பார்த்ததும் அவர் பார்த்ததும்

ரோஷம் தணிந்ததும் தபால்காரரே வழி சொன்னார். அதே புத்தகம் கட்டுக் குலையாமல் ரிஷிவந்தியத்தில் ஒரு நிலக்காரர் வீட்டில் இருக்கிறதாம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் போனேன். முகப்பில் ஆண்டு பளிச்சென்று இருந்தது, உள்ளே சேடையும் இருந்தது. தனியாக இருந்திருந்தால் குதித்திருப்பேன். இரண்டு பக்கங்களையும் போனில் படமெடுத்து அங்கிருந்தே அனுப்பினேன். நிலக்காரரின் மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு மகாராணி மாதிரி பஸ் ஏறினேன்.

சங்கராபுரம் வருவதற்குள் எடிட்டரிடமிருந்து போன். பழைய புத்தகம் தானாக மூடிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தேன், பக்க எண் இருந்த மூலையிலேயே. “பக்கத்தப் பாத்தது நீங்க. நான் பாத்தது உங்க கட்டைவிரல.”

புத்தகத்துக்கும் லீவு

மறுநாள் காலையிலேயே ரிஷிவந்தியத்தில் நின்றேன். வாசலில் டிராக்டருக்கு மாலை போட்டிருந்தார்கள், மண்வெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். எனக்கு வேண்டிய புத்தகம் குங்குமம் வைத்துக்கொண்டு சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கில் உட்கார்ந்திருந்தது. பூஜையில் வைத்த புத்தகத்தை அன்றைக்குப் படிக்கக் கூடாது. விவரம் தெரிந்தே போய் நின்ற என்னை என்ன சொல்வது!

“படிக்க மாட்டேங்க ஐயா, போட்டோ மட்டும் எடுத்துக்கறேன்” என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுப் பார்த்தேன். போனில் எடிட்டரிடம் இன்னும் கொஞ்சம் நேரம் கேட்டேன், அவர் பத்தரையைவிட்டு நகரவில்லை. எனக்குப் பயமெல்லாம் இல்லை. புத்தகம் இருக்கிறது, சொல் இருக்கிறது, விரலை நகர்த்த வேண்டியது மட்டும்தான் பாக்கி. நிலக்காரர் என் கையில் பொரி கடலையைக் கொடுத்து, விடிந்ததும் வரச்சொன்னார். “படிக்காட்டியும் தொறக்கணும் இல்ல? டிராக்டரே இன்னிக்கி சும்மா நின்னுக்கினு கீது, புஸ்தகத்துக்கு மட்டும் இன்னாம்மா அவசரம்?”

நல்ல நாளில் சேறு

விஜயதசமியன்று அந்த வீட்டில் பூஜை முடியவே பத்தாகிவிட்டது. கல்வராயன் மலைப் பக்கம் வானம் வேறு கருத்துக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் மழை வருவதற்கு முன்பே போன் டவர் போய்விடும். பூஜை முடிந்தால் அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வீட்டில் எல்லோரும் இரண்டு வரி படிக்க வேண்டும். நிலக்காரர் என்னிடம் ஒரு தோத்திரப் புத்தகத்தை நீட்டினார். நான் வேளாண்மைப் புத்தகத்தையே படிக்கிறேன் என்றேன். வருஷத்தின் முதல் படிப்பு சேற்றைப் பற்றியா என்று அவர் முகம் சுளித்தார். அவர் மனைவி விடவில்லை. “சேடை ஓட்டாம இன்னிக்கி சோறு ஏது? நீ படிம்மா” என்றார்.

சத்தமாகப் படித்தேன். சேடை இருந்த வரிக்கு வந்தேன். அம்மா தினமும் சாதாரணமாகச் சொல்கிற சொல்லை அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் அச்சிலிருந்து வாசித்தபோது அழுகை வந்ததை மறைக்க நான் முயலவில்லை. பிறகு நிலக்காரரின் மனைவி விரல் நுனியால் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, நான் படமெடுத்து அனுப்பினேன். போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மொத்த வீடும் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவழியாக எடிட்டரிடமிருந்து பதில் வந்தது. “ஆண்டு தெரியுது, பக்க எண் தெரியுது, குங்குமமும் தெரியுது. குறிப்ப எடுத்துட்டு மேற்கோள ஏத்திட்டேன்.”

முதல் வாசகி

சாயங்காலம் அம்மாவிடம் போனைக் காட்டினேன். அவளுக்குப் படிக்க வராது என்பதால் நானே வாசித்தேன்: சொல், பொருள், புத்தகத்தின் பெயர், ஆண்டு, பக்கம். ஒன்று விடாமல் கேட்டாள். இன்னொரு முறை வாசிக்கச் சொல்லியும் கேட்டாள். எனக்கு மார்பு விம்மியது. பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “எல்லாம் சரிதான் பாப்பா. இத்தப் பாத்துட்டு யார்னா நடவுக்கு வருவாங்களா? நாளிக்கி ஆளு கம்மியா கீது.”

அகராதியில் ஒரு சொல்லை ஏற்றுகிறவள் மறுநாள் அதே சொல்லில் முழங்கால் வரை இறங்கவும் வேண்டியிருக்கும் என்பதை இந்த வேலைக்கு எடுக்கும்போது யாரும் சொல்வதில்லை.