இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டிய போத்தல்

எனக்கு வாய் நீளம் என்று, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் எல்லோரும் சொல்வார்கள். கங்காணியையே எதிர்த்துப் பேசியவள் என்றுதான் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து எடுத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாகப் போட்டார்கள். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். பத்துக் கட்டில், ஒரு டொக்டர் ஐயா, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சிங்கள நர்ஸ். அந்த நீள வாய் திறக்க வேண்டிய நாளில் திறக்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

மழைத் தண்ணீர் வடியக் கான் வெட்டப் போன ஒருவர்மேல் மண்மேடு சரிந்து முதுகெலும்பு முறிந்தது. கண்டிக்கு அனுப்பினார்கள். இனி நடக்க மாட்டார் என்று சொல்லி, சிறுநீர் இறங்குவதற்கு ஒரு ரப்பர் குழாயோடு எங்களிடமே திருப்பி அனுப்பினார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே தொங்கிய கண்ணாடிப் போத்தலுக்குள் முங்கியிருந்தது. அவர் மனைவி காலையில் மலைக்குப் போகுமுன் எட்டிப் பார்ப்பாள்.

"நடக்காட்டியும் பரவால்ல. உசுரோட கெடந்தாப் போதும். நீ பாத்துக்க," என்பாள் என்னிடம்.

மிஸ்ஸி என்னைவிடச் சின்னவள், தமிழ் அரைகுறை. ஆனால் அந்தக் குழாய் விஷயத்தில் ஆளை விடமாட்டாள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தொடக்கூடாது. குழாய் மடங்கக்கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வைக்க வேண்டும். எதை மறந்தாலும் போத்தலை மட்டும் இடுப்புக்கு மேலே தூக்கவே கூடாது, தூக்கினால் வெளியே வந்த அழுக்கெல்லாம் திரும்பி உள்ளே ஓடும், காய்ச்சல் பிடித்தால் இந்த மனிதர் தாங்கமாட்டார் என்று பலமுறை சொல்லியிருந்தாள். மூன்று வாரம் அப்படியே செய்தேன். காய்ச்சல் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை ஆஸ்பத்திரி பார்க்க வருகிறார் என்று, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் சொன்னார்கள். தொரை வந்தால் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம்: கட்டிலுக்கு அடியில் ஒன்றுமே தெரியக்கூடாது. செருப்பு, சட்டி, எச்சில் டின் எல்லாம் பின்கட்டுக்குப் போய்விடும். அன்று மிஸ்ஸி தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயத்துக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள். தொரையின் கார் சத்தம் கேட்டதும் டொக்டர் ஐயா போத்தலைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நானும் அதைத் தூக்கி, கட்டில்மேல் நோயாளியின் கால்களுக்கு நடுவில் சாய்த்து வைத்துக் கம்பளியால் மூடினேன். ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன்.

தொரை ஐந்து நிமிடத்தில் போகவில்லை. கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்துவிட்டார். தேத்தண்ணீர்த் தட்டோடு நானும் அங்கேயே நிற்கவேண்டியதாயிற்று. ஒரு மணி நேரம் கழித்துக் கம்பளியை விலக்கினேன். பாதிவரை இருந்த போத்தலில் அடியில்தான் கொஞ்சம் கிடந்தது. அவசரமாக அதைக் கீழே இறக்கினேன். கட்டிலில் கிடந்தவர் போத்தலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

மறுநாளே நடுக்கம். மூன்று கம்பளி போட்டும் கட்டில் ஆடியது. மிஸ்ஸி குழாயை மாற்றினாள், பென்சிலின் போட்டாள். கம்பளியில் இருந்த கறையைப் பார்த்துவிட்டு, போத்தலை மேலே தூக்கியது யார் என்று கேட்டாள். டொக்டர் ஐயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வாயைத் திறக்குமுன் கட்டிலில் கிடந்தவர் முந்திக்கொண்டார்.

"நாந்தாங்க மிஸ்ஸி. குளிருக்குச் சூடா இருக்கும்னு எடுத்து வச்சுக்கிட்டேன்."

மிஸ்ஸி அவரைத் திட்டித் தீர்த்தாள். நான் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டாம் நாள் அவர் இறந்துபோனார்.

இழவு வீட்டில் அவர் மனைவி, குளிருக்காகப் போத்தலை எடுத்து வைத்து உயிரையே விட்டுவிட்டாரே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். லயமே கேட்டது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கருமாதி முடிந்து அவள் வேலைக்கு இறங்கிய முதல் நாள், மலைக்கு ஏறும் பாதையில் போய் நின்றேன்.

"அக்கா, போத்தலத் தூக்கி வச்சது நான்தான்."

அவள் கூடையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

"தெரியும். அன்னைக்கே சொன்னாரு. ஒனக்கு வேல போயிரும், வெளிய சொல்லாதன்னாரு. அதுக்காகத்தான் அத்தன பேரு முன்னால அவரயே குத்தம் சொல்லி அழுதேன்."

அப்படியே மலைக்கு ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த முறை தொரை வந்தபோது, பிள்ளை பெற்ற ஒருத்திக்கு அதே மாதிரிக் குழாய் போட்டிருந்தது. டொக்டர் ஐயா மறுபடியும் கண்ணைக் காட்டினார். அது கீழேதான் இருக்கும் என்று தொரைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். வேலை போனால் போகட்டும். மிஸ்ஸி என்னையே பார்த்தாள்.

தொரை குனிந்து போத்தலைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். முகம்கூடச் சுளிக்கவில்லை. இவ்வளவுதானா! பின்கட்டுக்குப் போய், கழுவப் போட்டிருந்த கம்பளிகள்மேல் உட்கார்ந்து, அந்த மனிதருக்காக அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.