மக்காவ் போகவிருந்த மெழுகுதிரி

தூத்துக்குடித் துறைமுக வாசலில் திருச்செந்தூர் பஸ்ஸுக்காக நிற்கிறேன். என் கையிலிருக்கும் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, கழுத்தில் செபமாலை போட்ட ஒரு அம்மாள் அருகில் வருகிறார். பின்னாலேயே டிரங்குப் பெட்டியோடு அவருடைய தங்கை மகன். ஹாங்காங் போகும் சரக்குக் கப்பலில் இன்று வேலைக்கு ஏறுகிறான்.

“தம்பி, இங்கிலீசு வாசிப்பீயளா? மக்காவ்னு ஊரு. கப்பல்ல போன எடத்துல காய்ச்சல் கண்டு, என் மகன் அங்கனதான் அடக்கம். கல்லறைத் திருநாளுக்கு இவன் போயி மெழுகுதிரி வைக்கணும். வழி பாத்துச் சொல்லுங்க.”

அவர் நீட்டுவது சுற்றுலாத் தாள். சீனக் கரையில் போர்த்துகீசியர் ஆளும் சின்ன ஊராம். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். யாராவது வாசிக்கச் சொன்னால் ஒரு வரிகூட விடுவதில்லை. நவம்பரில் லேசான குளிர், அம்மை குத்திய சீட்டு வேண்டும் என்று தமிழில் சொல்லிக்கொண்டே போகிறேன். மாதா கோயில்கள் நிறைய உண்டு என்றதும் அவர் முகம் மலர்கிறது.

“ஹாங்காங்கிலிருந்து படகில் மூன்று மணி நேரம்.”

“ஏலே, ஹாங்காங்ல ஒங்களக் கரையில எம்புட்டு நேரம் விடுவாவ?”

அவன் தரையைப் பார்க்கிறான். “மத்தியானம் எறங்குனா பொழுதடைய ஏறிரணும், பெரியம்மா.”

அம்மாள் அவன் பெட்டியைத் திறந்து, மெழுகுதிரிப் பொட்டலத்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொள்கிறார். அவன் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு நடக்கிறார்.

“அந்த ஒரு வரிய விட்டிருக்கலாம்லா, சார்,” என்கிறான் அவன். “கப்பல் மேலயே கொளுத்திட்டு, கல்லறையில வச்சிட்டேன்னு வந்து சொல்லியிருப்பேன். அதுக்கும் இல்லாம ஆக்கிட்டீயளே.”