பதினேழாவது நிமிடத்துக்குப் பிறகு ரூபன் வாசித்தது

ரூபன் இறந்த செய்தியைச் சுதன்தான் தொலைபேசியில் சொன்னான். கிரெய்கிபர்ன் புறநகரில் ரூபனோடு ஒரே அறையில் இருந்தவன். செவ்வாய்க்கிழமை மதியம். கல்லூரி வானொலி நிலையத்தில் என் நிகழ்ச்சிக்கான இசைத்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, ரூபன் போயிட்டான். வேலையில நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு குந்தினவனாம். அப்பிடியே சரிஞ்சிட்டான்."

எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது எரிச்சல். அவன் செத்தது எனக்கு முன்பே சுதனுக்குத் தெரிந்துவிட்டதே என்று. ரூபன் விஷயத்தில் நான் எப்போதும் இப்படித்தான் இருந்தேன். அவனை அறிந்த உங்களுக்கு அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முப்பத்தைந்து வயது. இரண்டு மாதமாக நெஞ்சு இறுகுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். விசா புதுப்பித்த கடிதம் வரவில்லை. அதனால் மருத்துவ அட்டை செல்லாது. அதனால் டாக்டரிடம் போகவில்லை. மரணச் சடங்கில் ஒரு அங்கிள் இதை விதி என்றார். கோப்பு எண் போட்டு ஒரு விண்ணப்பம் மேசையில் கிடப்பதற்கு விதி என்று பெயரா?

அவன் எனக்கு அறிமுகமானது ஒரு தொலைபேசி அழைப்பில். புதிய ஜாஸ், முன்கூட்டி எழுதிவைக்காமல் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கும் இசை, இவைதான் என் நிகழ்ச்சி. அழைப்பவர்களில் பாதிப்பேர் ஒலிபரப்பு பழுதாகிவிட்டதா என்று கேட்பார்கள். இவன் என் பெயரைக் கேட்டுத் தமிழில் பேசினான்.

"தம்பி, ரெண்டாவதா போட்டதில ஆள் சாக்சபோனை ஊதேல்லை. விசையளை மட்டும் தட்டுறார். நீங்கள் ஊதுறார் எண்டு சொன்னனீங்கள்."

அவன் சொன்னது சரி. நான் அந்தத் தட்டைக் கேட்கவே இல்லை, உறையில் இருந்ததை வாசித்தேன். எட்டு வயதிலிருந்து சாக்சபோன் பழகியவன், இசையில் பட்டம் வாங்கியவன் நான். உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று கொஞ்சம் காரமாகவே கேட்டேன்.

"வில்லாவுட் தடுப்பு முகாமில ரெண்டு வருசம் அடைச்சு வச்சிருந்தவங்கள். ஒரு சின்ன ரேடியோ இருந்தது. இங்கிலீசு பேச்சு விளங்காது. இந்தச் சத்தங்கள் மட்டும் இங்கிலீசுக்காரனுக்கும் விளங்கேல்லை எண்டு தெரிஞ்சுது. சரிசமமா இருந்து கேட்டன்."

பிறகு நிலையத்துக்கே வந்தான், பழைய பொருள் கடையில் எடுத்த டிராம்போனோடு. இழுத்துத் தள்ளும் குழாய் துருப்பிடித்து அசையாது. ஒரே நீளத்தில் சிக்கிய அந்தக் குழாய்க்குள் அவன் மூச்சை விட்டான், துப்பினான், முனகினான், வாயை எடுத்துவிட்டு நாக்கால் தட்டினான். ஸ்டூடியோவில் இருந்த நாலு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் வாசித்தபோது அவர்கள் பேச்சை நிறுத்தியதில்லை.

நிலையத்தின் பட்டியலில் மாணவர்கள், பழைய மாணவர்கள் பெயர் மட்டுமே வரலாம். அவன் விசாவில் படிக்க அனுமதி இல்லை. ஆகவே மூன்று வருடம் என் நிகழ்ச்சியில் அவன் 'விருந்தினர்'. "விருந்தாளி எண்டால் ஒரு தேத்தண்ணியாவது தாங்கோடா" என்பான். நேயர்கள் அந்த டிராம்போன்காரர் இந்த வாரம் வருவாரா என்று எழுதிக் கேட்டார்கள். என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என் வாசிப்பைப் பற்றி அவனிடமே கேட்டேன். "நீ கம்பஸில படிச்சவன், பிழை விட்டால் புள்ளி குறைப்பினம் எண்ட பயத்தில ஊதுறாய் மச்சான்." அன்று ரயிலில் வீடு வரும்வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவன் சொன்னது உண்மையாக இருந்தது.

போன வருடம் நாற்பது நிமிட நேரடி ஒலிபரப்பு ஒன்று, அவன் தனியாக. சிட்னியில் இசை விழா நடத்தும் ஒருவர், அதைக் கேட்டுப் பிடித்தால் அவனைத் தன் விழாவுக்கு அழைப்பதாகச் சொல்லியிருந்தார். அயர்ன் பண்ணிய சேட்டோடு வந்தான். "ரேடியோவுக்கு ஏனடா சேட்?" என்றேன். "கேக்கிற ஆளுக்குத் தெரியும்" என்றான்.

எங்கள் நிலையத்தில் ஒரு கருவி இருக்கிறது. அரை நிமிடத்துக்கு மேல் சத்தம் இல்லாவிட்டால், கையால் நிறுத்தும்வரை அது தானாகப் பாட்டுகளை ஓடவிடும். எங்கள் இசையில் அமைதி நீளமானது. ஆகவே நேரடி நிகழ்ச்சி என்றால் கருவியை நிறுத்திவிட்டுத்தான் தொடங்குவோம். அன்று ஒலிபரப்பு மேசையில் இருந்தவன் நான். கை பொத்தான்வரை போனது. அழுத்தவில்லை.

பதினேழாவது நிமிடத்தில் அவன் நிறுத்தினான். மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணை மூடி நின்றான். என் மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே ஒரு காதல் பாட்டுப் போகத் தொடங்கியது. நான் அதை நிறுத்தியிருக்கலாம். அவன் ஒன்றும் அறியாமல் இன்னும் இருபத்துமூன்று நிமிடம் வாசித்தான்.

சாயங்காலம் அவனே அழைத்தான், சிரித்துச் சிரித்து.

"மச்சான், நான் நடுவில காதல் பாட்டுப் பாடினனானாம்! சுதன் சொல்லுறான், இண்டைக்குத்தான் நல்லா இருந்ததெண்டு!"

"அந்தச் சாமான் பழுது" என்றேன்.

"விடு. அகதி விசாரணையிலயும் என்னை முழுக்கச் சொல்ல விட்டவங்களே?"

சிட்னிக்காரர் அவனை அழைக்கவில்லை. சில மாதங்களில் என்னை அழைத்தார். நான் போனேன். வழியனுப்ப ரூபன் வந்தான், வழியில் சாப்பிட ஒரு பெட்டி ரோல்ஸோடு. "நல்லா ஊதிப்போட்டு வா. அங்க மேய்ஸ் ஹில் கோயில் முருகனிட்ட எனக்கும் சேத்துச் சொல்லு. அவருக்காவது என்ர விசா நம்பர் தெரியவேணும்." அவன் முகத்தில் பொறாமை தெரிகிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

சடங்கு முடிந்து எல்லோரும் அந்தக் காதல் பாட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கருவி பழுதாக இருக்கவில்லை என்று இப்போது எழுதுகிறேன்.

முழுக்க வெளியே போகாவிட்டாலும் ஸ்டூடியோவில் அந்த நாற்பது நிமிடமும் பதிவாகியது. இத்தனை நாளும் அதை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. இன்று காலை சுதனுக்கு அனுப்பிவிட்டேன், நீங்கள் எல்லோரும் கேட்கலாம். நான் எத்தனை வருடம் ஊதினாலும் அப்படி வராது. அதைக் கேட்கும்போது இன்றும் வயிறு எரிகிறது. கடைசி மூச்சு அடங்கியபின் டிராம்போனைக் கதிரையில் வைக்கும் சத்தம் கேட்கும். பிறகு அவன் குரல்:

"எல்லாம் வெளியால போச்சுதா மச்சான்?"

"ஓம். முழுக்கப் போச்சு."

அவனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கேள்வி. பதில் என்னுடையது.