பதினான்கு நுனிகள்

என் கையில் கத்தரிக்கோல் கிடைத்தால் அது சும்மா இருக்காது. துப்பட்டாவில் பிரிந்த நூல், சார்ட் பேப்பரின் மடங்கிய ஓரம், பிள்ளைகளின் கண்ணில் விழும் முடி, எதைப் பார்த்தாலும் கை அரிக்கும். வீட்டில் எனக்கு அவசரக்குடுக்கை என்று பேர். பள்ளிக்கூடத்தில் அதையே நான் 'நீட்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

காஞ்சிபுரத்தில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஊர் தாமல், தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். ஏரி, மதகு, நடவு என்றால் நாலு வார்த்தை பேசுவேன். தறியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத் தெருவில் நடக்கும்போது காதில் விழும் சத்தம்தான். வகுப்பில் பாதிப் பேர் அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிறந்தவர்கள். அவர்களுக்குப் போய் நான் காகிதப் பாய் முடையக் கற்றுக்கொடுக்கக் கிளம்பினேன். அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

வேலை சுலபம். ஒரு கலர் பேப்பரில் மேலும் கீழும் ஓரம் விட்டு, நடுவில் நீளநீளமாகக் கீறிக்கொள்ள வேண்டும். வேறு நிறக் கீற்றுகளைக் குறுக்கே, ஒன்றுக்கு மேலே ஒன்றுக்குக் கீழே என்று கோர்த்துக்கொண்டே போக வேண்டும். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதற்குள் முடிப்பவர்களின் பாய்தான் பின்சுவர்ப் பலகையில் ஏறும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். ஸ்கேல் வைத்துப் பலகையில் ஆளுக்கொரு கட்டமும் போட்டாகிவிட்டது.

ஜன்னலோரம் உட்காரும் பெண் எழுந்தாள். அவளுக்குப் பக்கத்து இடம் ஒரு வாரமாகக் காலி. அங்கே உட்காரும் தோழிக்கு அம்மை போட்டிருந்தது.

"மிஸ், அவ வர்றதுக்கு நாளாகுமாம். அவளுக்கு எடம்?"

"வராதவங்களுக்கு எடம் கிடையாதும்மா. கட்டம் இல்ல, பாரு."

பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். விஷயம் முடிந்தது என்று நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போனேன்.

வியாழக்கிழமை எல்லாப் பாய்களும் மேசைக்கு வந்தன. சில கோணல், சில பசையில் ஊறியவை. ஜன்னலோரப் பெண்ணுடையது அரக்கும் பச்சையுமாக, அத்தனை நெருக்கமாக, விரல் நகம் நுழையாத மாதிரி இருந்தது. ஆனால் கீழே ஓரமே இல்லை. கீறலை அடி வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள். கடைசி நாலு விரல் நீளத்துக்குக் குறுக்குக் கீற்றும் இல்லை. பதினான்கு அரக்கு நுனிகள் சும்மா தொங்கின.

"இவ்வளவு நல்லா செஞ்சிட்டு ஏம்மா அரைகுறையா விட்டுட்ட?" என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திருந்தேனா என்றால், இல்லை. கத்தரிக்கோலை எடுத்துக் கடைசி வரிசையை ஒட்டி ஒரே வெட்டு. கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. மேல் விளிம்பில் குண்டூசி குத்திவிட்டுத் திரும்பினால் அவள் தரையில் மண்டியிட்டு நுனிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. பதினான்கையும் எண்ணிப் பென்சில் டப்பாவில் வைத்து மூடினாள். குப்பையை அள்ளுகிறாள், நல்ல பிள்ளை என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். மகளின் பாயைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடி விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"மிஸ், நுனிய வெட்டிட்டாப்ல இருக்குதே?"

"தொங்கிட்டு இருந்துச்சு, நான்தான் நீட்டா வெட்டினேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தறியில பொடவ முடிஞ்சா அறுத்து எடுத்துக்குவோம் மிஸ். ஆனா பாவு நுனிய, அதான் நீளவாக்குல ஓடுற இழைங்களோட நுனிய, தறியிலயே உட்டு வெப்போம். புதுப் பாவு வந்தா அந்த நுனியோடதான் ஒவ்வொரு இழையாப் பிணைக்கணும். வூடு வூடாப் போயி அத்தப் பண்றதுதான் என் வேலையே. நுனி இல்லன்னா எதுல பிணைக்கிறது?" கொஞ்சம் தயங்கினார். "கூட குந்துற பொண்ணு வந்தா தன்னுத இதுல சேத்துக்கலாம்னு உட்டு வெச்சிருந்துது. ஒரே பாயா ஆயிட்டா ஒரே கட்டத்துல தொங்கும் இல்ல, அவளுக்கும் எடம் கெடச்ச மாதிரி ஆவும்னு அவகிட்ட போன்லயும் சொல்லிக்கினு இருந்துது. போவட்டும் மிஸ், பசங்க வெளையாட்டு."

என் முகம் சுண்டிப்போனது. இடம் இல்லை என்று நான் ஒரே வார்த்தையில் தட்டிக்கழித்ததற்கு எட்டு வயதுப் பெண் வழி கண்டுபிடித்திருக்கிறாள். நான் அந்த வழியை வெட்டிக் கீழே போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை அவளிடம் பேச வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். திங்கட்கிழமை கணக்குப் பாடம் எடுத்தேன். செவ்வாய்க்கிழமையும் எடுத்தேன். குழந்தையிடம் என் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. அதை மறைக்க அந்த வாரம் பூராவும் சிடுசிடுவென்றே இருந்தேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்து தோழி வந்தாள், கன்னத்தில் தழும்புகளோடு. பையை வைத்ததும் நேரே பலகைக்கு ஓடினாள்.

"எங்கடி எனக்கு உட்டு வெச்சது?"

ஜன்னலோரப் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "நாந்தான்டி கைதவறி வெட்டிட்டேன்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல. வெட்டினது நான்" என்றேன். "என்ன ஏதுன்னு கேக்காம வெட்டிட்டேன். தப்பு என்னுது. ரெண்டு பேருக்கும் பெரிய கட்டமா ஒண்ணு போட்டுத் தர்றேன்."

ஜன்னலோரப் பெண் யோசித்தாள். பென்சில் டப்பாவைத் திறந்து நுனிகளைப் பார்த்தாள், மூடினாள். "இத திரும்ப ஒட்டி, அதுல இன்னொண்ண பிணைச்சா பிச்சிக்கும் மிஸ்" என்றாள். பிறகு தன் பாயைப் பலகையிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கடைசிப் பச்சைக் கீற்றை உருவினாள். அதற்கு முந்தியதை உருவினாள். விரல் நகம் நுழையாத நெருக்கத்தில் நான்கு நாள் செய்ததில் ஆறு வரிசை போயிற்று. மறுபடியும் பதினான்கு நுனிகள் தொங்கின, நாலு விரல் நீளத்துக்கு.

"இந்தாடி, போதுமா?"

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது, வேறென்ன.

அடுத்த மூன்று நாளும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, தோழியின் மஞ்சள் கீற்றுகளை ஒவ்வொரு நுனியாகப் பசை தொட்டுச் சேர்த்தார்கள். பிறகு தோழி தன் பங்கை முடைந்தாள். மாட்டியபோது அது கட்டத்தைத் தாண்டி, பலகையின் சட்டத்தையும் தாண்டிச் சுவரில் இறங்கியது. அடியில் பதினான்கு மஞ்சள் நுனிகள், கொஞ்சம் ஏற்ற இறக்கமாக.

என் கை அரித்தது, கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். பழக்கம் எங்கே போகும்? ஜன்னலோரப் பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"மிஸ், வெட்டிடாதீங்க. அது உங்களுக்கு உட்டு வெச்சது."

கத்தரிக்கோலை டிராயரில் போட்டு மூடிவிட்டு, எனக்கு என்ன கலர் என்று அவளிடமே கேட்டேன்.