மூணாவது வேரு

பல்லு புடுங்குற தொழில்ல வெளியே தெரியிறது வேர்க்கடலை அளவுதான். மீதியெல்லாம் ஈறுக்குள்ளே ஒளிஞ்சிக்கிட்டு நம்மள வேடிக்கை பார்க்கும். கன்னத்தைப் புடிச்சிக்கிட்டே இதைப் படிக்கிறவங்களே, உங்க வலி எனக்குத் தெரியும். குறடு புடிச்ச என் வலியையும் கொஞ்சம் கேளுங்க. பிரெஞ்சுக்காரன் ஆட்சியில, மதகடிப்பட்டு வாரச் சந்தையில, புளியமரத்தடியிலதான் என் கடை: ஒரு முக்காலி, ஒரு குறடு, ஒரு செம்பு உப்புத் தண்ணி.

கொக்கி

குருவிநத்தத்துக் கரும்புக்காரர் ஒருத்தருக்குக் கடைசிக் கடவாய்ப் பல்லு. ஒரே இழுப்பு, ‘மடக்’குனு சத்தம். பல்லு கையில, வேரோட நுனி உள்ளே. அது கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும்னு யாரு கண்டா? அடுத்த வாரம் கன்னம் வெல்ல உருண்டையா வீங்கி, நேரா சந்தைக் குத்தகைக்காரர்கிட்ட போய் நின்னுட்டாரு. குத்தகைக்காரர் சந்தையே கேக்குற மாதிரி சொன்னாரு: “இனிமே இன்னொரு வேரு உள்ளே முறிஞ்சுதுன்னு காதுல வுழுந்துச்சுன்னா, இந்த மரத்தடியில உனக்கு எடம் இல்ல, ஆமா!”

பக்கத்து வேரு

அன்னையிலேர்ந்து, புடுங்கின பல்லைக் கழுவி வேரை எண்ணிக் காட்டினாத்தான் ஆளு முக்காலியை விட்டு எழுந்திருக்கும். வில்லியனூர் அம்மா ஒருத்தருக்கு மேல் கோரைப் பல்லுக்கு அடுத்த பல்லு. “இதுக்கு ஒரே வேருதாம்மா”ன்னு வாயைக் கொடுத்துட்டேன். வந்தது ரெண்டு. சில பேருக்கு அப்படி இருக்கும்னு எனக்கே அப்பத்தான் தெரியும். அந்தம்மா முக்காலியைக் கெட்டியா புடிச்சிக்கிட்டாங்க: “ஒண்ணுதான் என் பல்லுது. இன்னொண்ணு பக்கத்துப் பல்லோட வேரு. அதைத் திருப்பி வையிப்பா, நான் வூட்டுக்குப் போவணும்!”

சைகோன் வலி

பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து திரும்பின சொல்தா ஒருத்தர் வந்தாரு. கீழ்க் கடவாய்ப் பல்லு. சைகோன்ல வெள்ளைக்கார டாக்டர் அதைக் குடைஞ்சு, ரெண்டு வேருலயும் நரம்பை இழுத்துப் போட்டு, மேலே பூசி அடைச்சிட்டாராம். வலி மட்டும் இவரோடயே கப்பலேறி வந்துடுச்சு. மெதுவா அசைச்சு எடுத்துப் பார்த்தா, ரெண்டு வேருக்குப் பின்னாடி மெல்லிசா, வளைஞ்சி, மூணாவது ஒண்ணு! அதுல நரம்பு அப்படியே இருந்திருக்கு. சொல்தா அதை வெயில்ல தூக்கிப் பார்த்தாரு: “டாக்டருக்கு ரெண்டு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்போல! இன்னாய்யா இது, இந்தச் சுண்டெலி வாலையா நான் கடல் தாண்டித் தூக்கியாந்தேன்?”

குத்தகைக்காரர் வாய்

கடைசியில குத்தகைக்காரரே தாடையில துண்டு கட்டிக்கிட்டு வந்து முக்காலியில குந்தினாரு. சுத்திக் கூட்டம், முன்வரிசையில கரும்புக்காரரு. இங்கே ஒரு வேரு முறிஞ்சா என் பொழைப்பே போச்சு. அவரு வாய்க்குள்ளே விரலைக் காட்டி என்னமோ சொன்னாரு. என் நெனப்பெல்லாம் வேருலதான்: ரெண்டா, மூணா, கொக்கியா? மாட்டு முளைக்குச்சியை அசைக்கிற மாதிரி இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு அரை நாழி அசைச்சேன். முழுசா வந்துச்சு! கரும்புக்காரரே வாங்கி எண்ணினாரு: மூணு வேரு, மூணும் நுனியோட. கூட்டம் கை தட்டிச்சு. குத்தகைக்காரர் கொப்பளிச்சுத் துப்பிட்டு, நாக்கால உள்ளே துழாவிப் பார்த்தாரு. “வேரு முறியல, எடம் உனக்குத்தான். ஆனா வலிக்கிறது இது இல்லடா பாவி, இதுக்குப் பக்கத்துப் பல்லு!”

வேரை எண்ணக் கத்துக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு, பல்லை எண்ணக் கத்துக்க அந்த ஒரு சந்தை போதுமா இருந்துது.