மாமா வழி தவறி வந்த பொங்கல்

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அம்மா என்னை உட்காரவைத்து, பழனிக்குப் பக்கத்தில் கீரனூரில் இருக்கும் தன் அண்ணனுக்கு ஓர் இன்லேண்டு லெட்டர் எழுதச் சொன்னாள். நான் அப்போது ஐந்தாவது படித்தேன். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும்.

எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கப்படி வரும். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து. எங்களுக்கு இரண்டு வருசமாக வரவில்லை. தம்பியின் காதுகுத்துக்கு மாமா நேரங்கழித்து வந்து சேர்ந்தார். பஸ் கிடைக்கவில்லையாம். பந்தல் நிறைய ஆட்கள் இருக்க, "நேரத்துக்கு வரத் தெரியாதவரெல்லாம் என்ன தாய்மாமன்?" என்று அப்பா கேட்டுவிட்டார். மாமா சீர்த்தட்டைக் கீழே வைத்தார். "நான் மனுசனா இருந்தா இனி இந்த வாசப்படிய மிதிக்க மாட்டனுங்க." கோபத்திலும் 'ங்க' விடாத ஊர்க்காரர். போனவர் போனவர்தான்.

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு, "பானை கொண்டாரச் சொல்லி எழுதவாம்மா?" என்றேன்.

"அது வேணாம். பழனிக்கு நடந்து போற சாமிகளுக்கு உங்க மாப்ள தினமும் காலையில நம்ம வாசல்ல சுக்குக் காப்பி குடுக்குறாரு, பொங்கலன்னைக்கும் குடுப்பாரு, மாலை போட்ட சாமி யாரு வந்தாலும் உள்ள கூப்பிடாம விடமாட்டாருன்னு எழுது."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. கடுதாசி முழுக்கச் சுக்குக் காப்பியா?

பொங்கலன்று விடியும்போதே கோலம் போட்டாயிற்று, கரும்பு நிறுத்தியாயிற்று, மூன்று கல் வைத்து அடுப்பும் கூட்டியாயிற்று. பானையைத்தான் காணோம்.

"எங்கண்ணன் பானை வந்தாத்தான் உலை" என்றாள் அம்மா.

"வீட்டுல பானைக்கா பஞ்சம்? போன வருசம் பித்தளையில வைக்கலையா?"

"போன வருசம் வச்சேன். அதுக்கு முந்துன வருசமும் வச்சேன். இந்த வருசம் வைக்கமாட்டேன்."

"நல்ல நேரம் போயிருச்சுன்னா?"

"முருகன் பாத்துக்கிருவான்."

முருகனை இழுத்துவிட்டால் அப்பாவுக்கு மேற்கொண்டு பேச்சு வராது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

தெருவில் ஒவ்வொரு வீடாகக் குலவை கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னத்தா, ஒங்க அடுப்புல பூனை தூங்குது?" என்றாள்.

"தூங்கட்டும்க்கா. செத்த நேரத்துல எந்திரிச்சிரும்."

பொங்கல் பொங்காமல் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. தம்பி பசியில் சிணுங்கினான். எனக்கும் வயிறு காந்தியது. அம்மா அடுப்புப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் முணுமுணுத்தது.

வெயில் ஏறிய பிறகு திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு கூட்டம் அரோகரா போட்டு வந்தது. அப்பா நடந்து வரும் சாமிகளின் முகத்தைப் பார்க்கமாட்டார். குனிந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் டம்ளரை நீட்டுவார். முகத்தைப் பார்த்தால் ஆள் தெரியும், காலைப் பார்த்தால் முருகன் தெரியும் என்பார்.

கடைசியாகப் பச்சை வேட்டியும் தாடியுமாக ஒரு சாமி, தலையில் மஞ்சள் துணி மூட்டையோடு வந்து நின்றது.

"சாமிக்குக் கொஞ்சம் சுக்குக் காப்பி கிடைக்குங்களா?"

குரலைக் கேட்டதும் கத்தப் போனேன். அதற்குள் அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது.

அப்பா குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தார். சாமியின் வலது கால் பெருவிரலில் நகம் இல்லை. மாமாவுக்கு மண்வெட்டி பட்டுப் போன நகம். சொம்பு அப்படியே நின்றது. சாமியும் மூட்டையை இறக்காமல் நின்றது. பிறகு சொம்பு சாய்ந்தது. இரண்டு காலுக்கும் முழுசாக ஊற்றி, அந்த ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தலை நிமிராமலே, "உள்ள வாங்க சாமி" என்றார் அப்பா.

சாமி வாசற்படியையே பார்த்தது.

"மனுசன்தான் மிதிக்கமாட்டேன்னு சொன்னாரு. சாமி வரலாம்ல?" என்றாள் அம்மா.

வலது கால் உள்ளே வந்தது.

மூட்டைக்குள் புதுப்பானை, வயிறு நிறைய அரிசியோடு. அம்மா அதன் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி அடுப்பில் ஏற்றினாள். கிழக்குப் பக்கம்தான் பொங்கியது. முதலில் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது மாமாதான்.

முதல் இலை சாமிக்கு. பரிமாறிய அப்பா மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கு நேரத்துக்கு வந்துட்டீக."

"பஸ்ஸ நம்பலீங்க மாப்ள. நடந்து வந்தனுங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். மாமா ஊரிலிருந்து பழனிமலை ஒரு வேளை நடைதான். அதை விட்டுவிட்டு, எதிர்த்திசையில் எங்கள் ஊரையும் தாண்டித் திண்டுக்கல் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி நடப்பார்களா யாராவது?

"மாமாவுக்குப் பழனிக்கு வழி தெரியாதாம்மா?" என்று சத்தமாகவே கேட்டேன்.

அப்பாவுக்குப் புரையேறியது. அம்மா என் இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள். பள்ளிக்கூடம் திறந்ததும், எங்கள் மாமா வழி தவறிப் பொங்கலுக்கு வந்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்த வழியை என் கையாலேயே எழுதி, எச்சில் தொட்டு ஒட்டி, பெட்டியில் போட்டவள் நான்தான் என்பது எனக்குத் தெரியவில்லை.